அழகம்மாவின் வலது கை

"இந்த வீட்டுல இனி ஒரு வாய் தேத்தண்ணிகூட எனக்கு வேணாம்!"

நாகலெட்சுமி கோப்பையை வாசல் இஸ்தோப்புத் திண்டில் வைத்த வேகத்தில் பாதித் தேநீர் தரையில் சிந்தியது. விடிந்தும் விடியாத நேரம். மலையிலிருந்து இறங்கிய பனி தேயிலைத் தோட்டத்து லயத்தின் கூரைத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள், குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் காதை மட்டும் இந்தப் பக்கம் நீட்டினார்கள். லயத்தில் ஒரு வீட்டுச் சண்டை என்றால் அது எல்லா வீட்டுக்கும் சொந்தம். நடுவில் இருப்பது ஒரு சுவர்தானே!

அடுப்படியில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்த ஜீவராணிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

நாகலெட்சுமி அவள் புருஷனின் தங்கை. கொழும்பை ஒட்டிய வத்தளைப் பக்கம் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்காக முந்தின நாள் சாயங்காலம்தான் வந்து இறங்கியிருந்தாள். வந்ததிலிருந்து அண்ணியோடு ஒரு வார்த்தை கிடையாது. இப்போதும் அவள் பேசியது அண்ணியோடு அல்ல. வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் யோகேஸ்வரனோடு.

"அண்ணே, நான் கண்ணால பாத்தேன்! நேத்து வெளக்கு வைக்கிற நேரம்... அம்மா கட்டில்ல சாஞ்சி ஒக்காந்திருக்கு. வெளங்காமப் போன அந்த வலது கையில நெருப்புக்குச்சியக் குடுத்து, 'ஏத்துங்க மாமி, ஏத்துங்க'ன்னு நிக்கிறா ஒங்க பொஞ்சாதி! அம்மா கண்ணுல தாரதாரயாத் தண்ணி ஊத்துது... வெரல் நுனியப் போயிப் பாருங்க, தீஞ்சி கொப்பளிச்சிருக்கு! எதுக்குண்ணே இது? இவ சாமி வேற சாமி, வெளக்கத் தொடமாட்டா. அதுக்காக படுத்த படுக்கையாக் கெடக்கிற மனுசிய ஏத்த வைப்பாளா? இது எந்த ஊரு நியாயம்?"

யோகேஸ்வரன் கையிலிருந்த துணியைப் பிழிந்தான். பிழிவதற்கு அதில் தண்ணீர் இல்லை. நல்ல மனுஷன்தான். நோட்டன் பிரிட்ஜ் சந்தியில் எந்த வம்புதும்புக்கும் போகாத ஆட்டோக்காரன் என்று பேர் எடுத்தவன். ஆனால் அம்மா, தங்கை, மனைவி மூன்று பேருக்கும் நடுவில் நிற்க வேண்டிவந்தால் ஆட்டோவுக்குள் புகுந்து ஓடிவிடலாமா என்று பார்க்கிற ரகம்.

"ராணி... லெச்சுமி சொல்றது நெசமா?"

ஜீவராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நெசந்தாங்க."

"ஏன் அப்பிடி?"

பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நாகலெட்சுமியின் வாய் அடைத்துவிடும். ஆனால் திறந்திருந்த கதவு வழியே காம்பராவுக்குள் அழகம்மாவின் கண்கள் தெரிந்தன. கட்டிலில் கிடந்தபடி மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள் அந்த மாமியார். சொல்லாதே என்று தலையை மெல்ல ஆட்டினாள்.

ஜீவராணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க. காலம் வரும்போது தெரியும்."

"பாத்தீங்களாண்ணே! வாயத் தொறக்க முடியுதா? அம்மா அன்னைக்கு விழுந்ததே இவளாலதான! இவ தண்ணியில முங்கி மதம் மாறப் போறேன்னு கெளம்புன அன்னைக்கித்தான அம்மன் அம்மாவ அடிச்சுப் போட்டுச்சு! ஊரே சொல்லுது!"

ஊர் சொல்லத்தான் செய்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது.

நடந்தது இதுதான். ஜீவராணி இயேசுவோடு பேச ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்த நேரம். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்த றொசல்ல ஊர்ப் பெண் ஒருத்தி தினமும் கண்ணை மூடி யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். 'யாரும்மா அது?' என்று கேட்டதற்கு, 'நீங்களும் பேசிப் பாருங்கக்கா, அவரு கேப்பாரு' என்றாள். ஜீவராணி பேசினாள். பேசினாள் என்பதைவிடச் சண்டை போட்டாள் என்று சொல்ல வேண்டும். என் பிள்ளையை ஏன் எடுத்தீங்க, நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன் என்று தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு திட்டித் தீர்த்தாள். பிள்ளை திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் வயிறு திறக்கவில்லை. ஆனால் அன்று திட்டி ஓய்ந்தபோது, எழுந்து போகாமல் கூடவே யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அந்த நாளிலிருந்து அவள் தனியாக இல்லை. கொழுந்து பறிக்கும்போதும் பேசுவாள், பாத்திரம் கழுவும்போதும் பேசுவாள். 'ஒன் சாமி ஒனக்கு என்னதான் குடுத்துச்சு?' என்று பீலியடியில் யாராவது குத்தலாகக் கேட்டால், 'ஒன்னும் குடுக்கல. வந்து கூட ஒக்காந்தாரு' என்பாள்.

ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. எல்லார் முன்னாலும் ஆற்றில் இறங்கி, 'நான் இவரோடு இருக்கிறேன்' என்று ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். கட்டிக்கொண்டவளுக்கு ஊரறியத் தாலி வேண்டாமா? அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. புருஷனிடம் அழுது சம்மதம் வாங்கினாள். வெள்ளிச் சரிகை ஓடிய ஒரு வெள்ளைச் சேலையை வாங்கிப் பெட்டியில் வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலையைக் கையில் எடுத்தபோதுதான் அடுப்படியில் தடாலென்று சத்தம் கேட்டது. அழகம்மா விழுந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கையும் காலும் அசையவில்லை.

ஜீவராணி ஆற்றுக்குப் போகவில்லை. அன்றைக்கும் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. ஹட்டனில் இருந்த சபைக்குக்கூட எப்போதாவதுதான் போக முடிந்தது. 'ஜீவராணி பின்வாங்கிப் போயிட்டா' என்று சபையில் சிலர் பேசிக்கொண்டார்கள். லயத்திலோ 'மாமியார விழவச்சவ' என்றார்கள். ஆகமொத்தம் இரண்டு பக்கமும் நல்ல பேர்! அவள் மட்டும் விடியலில் எழுந்து மாமியாரைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடினாள்.

விளக்கு விஷயம் இடையில் வந்தது. கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ், 'அம்மாவுக்கு ஆசையான ஒரு வேலையை அந்தக் கையாலேயே செய்ய வைங்க, அப்பத்தான் கை வரும்' என்று சொல்லியிருந்தாள். அழகம்மாவுக்கு ஆசையான வேலை ஒன்றே ஒன்றுதான். தேர் வரும்போது வீட்டு வாசல் குத்துவிளக்கை ஏற்றுவது. வாழ்க்கைப்பட்டு இந்த லயத்துக்கு வந்த வருஷத்திலிருந்து அவள் விடாமல் செய்தது அது. குழறிக் குழறி அதை அவள் சொன்னபோது ஜீவராணிக்கு மட்டும்தான் புரிந்தது. இன்னொன்றையும் அவள் சொன்னாள். 'யாருக்கும்... சொல்லாத. வரலன்னா... சிரிப்பாங்க. தேரன்னைக்கு... பாக்கட்டும்.' ஜீவராணி அவள் நெற்றியில் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தாள்.

அன்று முதல் சாயங்காலமானால் இந்தக் கூத்துத்தான். மருமகள் எண்ணெய் ஊற்றித் திரி போடுவாள். நெருப்புப் பெட்டியைப் பிடித்துக்கொள்வாள். குச்சியை உரசுவதும் தூக்குவதும் மாமியாரின் வலது கை. உட்கார்ந்திருப்பவளின் தாடை உயரத்தில் திரி; மார்பு உயரத்துக்கு மேல் அந்தக் கை எழும்பாது. எழும்பாத ஆத்திரத்தில் அழகம்மா அழுவாள். அந்த அழுகையைத்தான் நாகலெட்சுமி பார்த்தாள்.

"இங்க பாருங்கண்ணே, முடிவாச் சொல்றேன்." நாகலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சனிக்கெழம தேர் நம்ம வாசலுக்கு வரும்போது, இந்த வீட்டு மருமகளா அவ கையால வெளக்கேத்தணும். லயமே பாக்க ஏத்தணும்! இல்லேன்னா ஞாயித்துக்கெழம அம்மாவ நான் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

ஜீவராணி குறுக்கே வந்தாள். "லெச்சுமி... நீ வேலைக்குப் போயிட்டா பகல்ல மாமிய யாரு பாப்பா? திரும்பிப் படுக்கக்கூட அவங்களால ஏலாதே!"

"தண்ணி வச்சிக் கதவப் பூட்டிட்டுப் போவேன்! ஒங்ககிட்ட சித்திரவத படுறதுக்கு அது தேவல அண்ணி!"

அடுத்த நாள் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு ஜீவராணி இறங்கி வந்தபோது, வளைவில் யோகேஸ்வரன் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். அவள் ஏறிக்கொண்டாள். ஆட்டோ கிளம்பவில்லை.

"ராணி... ஒரு குச்சிதான? கொளுத்தி வச்சிட்டு உள்ள போயி ஒன் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்க. அவரு மன்னிப்பாருன்னு நீதான எப்பவும் சொல்லுவ!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

"மன்னிப்பாருங்க. அதனாலதான் முடியல. நீங்க என்னய முழுசா நம்புறீங்க. நம்புறீங்கன்னு தெரிஞ்சிக்கிட்டே ஒங்க முதுகுக்குப் பின்னால நான் ஒன்னு செய்வேனா?"

"அப்ப அம்மாவுக்கு எண்ணெ ஊத்துற, திரி போடுற... அது மட்டும் சரியா?"

"அது மாமியோட வெளக்குங்க. அவங்களுக்குக் கும்புடணும்னு ஆச. கை வரல. கைக்கு ஒத்தாச செய்யிறேன். ஆனா அவங்களுக்காக நான் கும்புட முடியாதே... அவங்களுக்குப் பசிச்சா நான் சாப்புட்டா ஆச்சா?"

யோகேஸ்வரன் ஆட்டோவின் ஹேண்டிலைத் துணியால் துடைத்தான். "நீ சொல்றது எனக்குப் புரியிற மாதிரியும் இருக்கு, புரியாத மாதிரியும் இருக்கு. ஆனா அம்மாவ அவ கூட்டிட்டுப் போனா... அம்மா தாங்காது ராணி."

அதுதான் அவளையும் அறுத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போகாமல் லயத்துக்கு மேலே இருந்த மலையில் ஏறினாள். செடி நிரைக்கு நடுவில் ஒரு பாறை உண்டு. அதில் உட்கார்ந்துகொண்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்னப்பா இது? ஒரு வார்த்த சொல்லிட்டா எல்லாம் தீந்துரும். மாமிக்குக் குடுத்த சத்தியம் வாயக் கட்டுது. ஒரு குச்சியக் கொளுத்துனாலும் தீந்துரும். ஒங்க மேல வச்ச பாசம் கையக் கட்டுது. நான் என்னதான் செய்ய? இது பாசமா, இல்ல அடமா? அடம்னா சொல்லிருங்க, விட்டுடுறேன்..."

வானத்திலிருந்து ஒரு குரலும் வரவில்லை. எப்போதும் வந்ததும் இல்லை. கீழே லயத்தில் யாரோ விறகு வெட்டும் சத்தம்தான் கேட்டது. ஆனால் அழுது முடித்து மூக்கைச் சிந்தியபோது, கேட்காத ஒரு கேள்வி மனசில் வந்து உட்கார்ந்தது. லெச்சுமிய என்னைக்காவது அவ அம்மாவத் தொட விட்டியா?

ஜீவராணி துணுக்குற்றாள். உண்மைதான். நாகலெட்சுமி வரும்போதெல்லாம், 'நீ இரு லெச்சுமி, நான் பாத்துக்கிறேன்' என்று அவளை எட்டவே நிறுத்தியிருந்தாள். எல்லாவற்றையும் தானே செய்வதில் ஒரு பெருமை இருந்திருக்கிறது. திட்டு வாங்கும்போதுகூட உள்ளுக்குள் ஒரு பெருமை! பெற்ற மகளுக்கு அம்மாவிடம் செய்ய எதுவுமே மிச்சம் வைக்காவிட்டால், அவள் சண்டை போடாமல் என்ன செய்வாள்?

"இதக் கேக்கவா நான் மலையேறி வந்தேன்? நான் ஒன்னு கேட்டா நீங்க ஒன்னு சொல்றீங்க!" என்று சலித்துக்கொண்டே எழுந்தாள். ஆனால் இறங்கும்போது நெஞ்சில் இருந்த பாரம் பாதியாகியிருந்தது.

சனிக்கிழமை காலையில் வெந்நீர்ச் சட்டியையும் துணியையும் கொண்டுபோய் நாகலெட்சுமியின் முன்னால் வைத்தாள்.

"லெச்சுமி, இன்னைக்கி நீ மாமியக் குளிப்பாட்டு. இத்தன நாளா ஒன்னய நான் விட்டதே இல்ல. அது என் தப்பு... மன்னிச்சிக்க. தோள்ல கை குடுத்துத் தூக்கணும். வலப்பக்கம் இழுத்துறாத."

நாகலெட்சுமி சட்டியைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். பிறகு, "இந்தப் பசப்புக்கெல்லாம் நான் மசியமாட்டேன் அண்ணி" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் சட்டியை வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்குக் கீழே விரித்திருந்த துணியை உருவி மாற்றும்போது கொஞ்சம் நின்றாள். மெத்தென்ற வெள்ளைத் துணி. ஓரத்தில் வெள்ளிச் சரிகை மின்னியது. பிழிந்து காயப்போட்டிருந்த மற்றத் துண்டுகளிலும் அதே சரிகை.

"இது என்ன... பட்டுச் சேல மாதிரி இருக்கு? யாரு கிழிச்சது?"

"பழசுதான்" என்று சொல்லிவிட்டு ஜீவராணி வெளியே போய்விட்டாள்.

சாயங்காலம் தப்பு மேளச் சத்தம் மலையடிவாரத்தில் கேட்க ஆரம்பித்தது. லயத்து வாசல் ஒவ்வொன்றிலும் சாணி மெழுகி, கோலம் போட்டு, நிறைகுடமும் குத்துவிளக்கும் தேங்காய் பழத் தட்டும் வைத்திருந்தார்கள். அழகம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து இஸ்தோப்புக்குத் தூக்கி வந்தான் யோகேஸ்வரன். புதுச்சேலை கட்டி, தலைவாரி, நெற்றி நிறையத் திருநீற்றோடு அவள் தேர் வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகலெட்சுமி நெருப்புப் பெட்டியை ஜீவராணியிடம் நீட்டினாள். "என்ன அண்ணி? ஏத்துறீங்களா?"

"என்னால ஏலாது லெச்சுமி. ஆனா மாமி..."

"போதும்! அப்பிடின்னா நீங்க வாசல்ல நிக்க வேணாம். அடுப்படிக்குள்ள போயிருங்க. பெத்த மக நான் இருக்கேன், நான் ஏத்துறேன். காலையில அம்மாவோட துணிமணிய எடுத்து வைங்க."

யோகேஸ்வரன் வாயைத் திறந்தான். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜீவராணி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்றாள். இத்தனை நாள் பாடுபட்டது எல்லாம் இப்படி முடிய வேண்டுமா? அந்தக் கை நேற்றுத்தான் கழுத்து உயரத்துக்கு வந்தது... "அப்பா, என்னய விடுங்க. எனக்கு ஒன்னும் வேணாம். மாமி ஆசப்பட்டது மட்டும்..."

தேர் வந்து நின்றது. தப்பு ஓய்ந்தது. மூக்கன் பூசாரி சூடத்தட்டோடு முன்னால் வந்தார். நாகலெட்சுமி குச்சியை எடுத்து உரசப் போனாள்.

அழகம்மாவின் இடது கை சட்டென்று நீண்டு, மகள் கையிலிருந்த நெருப்புப் பெட்டியைப் பிடுங்கி மடியில் அமுக்கிக்கொண்டது.

"வே...ணாம்!"

"அம்மா, பயப்புடாதம்மா. ஒன்னய யாரும் ஏத்தச் சொல்லல. நான் ஏத்துறேன், குடு."

"வேணாம்! ரா... ரா..."

"தாயி என்னமோ சொல்லுது, பொறுங்க" என்றார் மூக்கன் பூசாரி.

"ராணி!"

குழறாமல் வந்தது அந்தப் பேர். அடுப்படிச் சுவர் தாண்டிக் கேட்டது. ஜீவராணி ஓடி வந்தாள். லயமே பார்த்துக்கொண்டிருக்க மாமியாரின் காலடியில் முழங்காலிட்டாள். அழகம்மா பெட்டியை அவளிடம் கொடுத்தாள். ஜீவராணி அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், தினமும் பிடிக்கிற மாதிரி. அழகம்மாவின் வலது கை, வெளங்காத கை என்று ஊர் எழுதி வைத்த கை, ஒரு குச்சியை எடுத்தது.

முதல் குச்சி முறிந்தது. கூட்டத்தில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். அடுத்தது பற்றி, காற்றில் அணைந்தது. அழகம்மாவின் உதடு கோணி அழப்போனது.

"அழக்கூடாது மாமி. நேத்து வந்துச்சில்ல? இன்னொருக்கா... காத்த நான் பாத்துக்கிறேன்."

இன்னொரு குச்சி பற்றியது. ஜீவராணி பெட்டியை மாமியாரின் மடியில் போட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் சுடரை மறைத்துக்கொண்டாள். கை எழும்பியது. மார்பு உயரத்தில் நடுங்கி நின்றது. ஜீவராணியின் உதடு அசைந்தது. "இது சரியா தப்பான்னு பொறவு ஒக்காந்து பேசிக்குவோம். இப்ப இந்தக் கையக் கொஞ்சம் புடிங்கப்பா..."

கை இன்னும் கொஞ்சம் எழும்பியது. கழுத்து... தாடை... திரி பற்றிக்கொண்டது!

பெண்கள் குலவை போட்டார்கள். தப்பு அடிக்கிறவர்கள் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தார்கள். யோகேஸ்வரன் ஆட்டோக்காரன் என்பதையும் ஆம்பிளை என்பதையும் மறந்து விக்கி விக்கி அழுதான்.

"அம்மா... கை... ஒன் கை..." நாகலெட்சுமி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அழகம்மா நடுங்கும் விரலால் மருமகளைத் தொட்டுக் காட்டினாள். ஒவ்வொரு வார்த்தையாக, மூச்சுவிட்டு மூச்சுவிட்டுச் சொன்னாள்.

"இவ... தெனம்... புடிச்சா. நாந்தான்... சொல்லாதன்னேன். ஏச்சு வாங்குனா... சொல்லல. அன்னைக்கி... ஆத்துக்குப் போகல... எனக்காக."

நாகலெட்சுமி அண்ணனைப் பார்த்தாள். யோகேஸ்வரன் கண்ணைத் துடைத்தான். "அம்மாவுக்குக் கீழ விரிச்சிருக்கே வெள்ளத் துணி, தண்ணியில எறங்க வாங்குன சேல லெச்சுமி அது. அம்மா விழுந்த வாரம் அடைமழ... ஒரு துணி காயல. அவளே எடுத்துக் கிழிச்சி அம்மாவுக்கு விரிச்சா. நான்தான் ஒங்ககிட்டயெல்லாம் வாயத் தொறந்து சொல்லாம இருந்துட்டேன்."

"அண்ணீ!"

நாகலெட்சுமி அப்படியே தரையில் விழுந்து ஜீவராணியைக் கட்டிக்கொண்டாள். "காலையில என் கையாலதான் அந்தத் துணிய மாத்துனேன்... நான் பாவி அண்ணி! நாக்குல நரம்பில்லாமப் பேசிட்டேனே! என்னய அடிங்க..."

"எந்திரி லெச்சுமி, தேர் காத்திருக்கு... அடிக்கிறதெல்லாம் பொறவு பாத்துக்குவோம்" என்றாள் ஜீவராணி. சொல்லும்போதே குரல் உடைந்து அவளும் அழுதாள். இத்தனை மாசம் அடக்கிவைத்த அழுகை, யார் பார்த்தால் என்ன என்று வந்தது.

மூக்கன் பூசாரி அழகம்மாவுக்குத் திருநீறு பூசினார். ஜீவராணியின் முன்னால் வந்ததும் தட்டை நீட்டுவதா, வேண்டாமா என்று தடுமாறினார். அவள் மரியாதையோடு கைகூப்பினாள். அவர் தட்டைத் தாழ்த்திக்கொண்டு, "ஒங்க சாமி ஒன்னய நல்லா வச்சிருக்கட்டும் தாயி" என்றார். தேர் அடுத்த வாசலுக்கு நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கொழும்புக்குப் போக யாரும் துணிமணி எடுத்து வைக்கவில்லை. ஜீவராணி அடுப்பைப் பற்றவைக்கப் போனால், அங்கே நாகலெட்சுமி ஏற்கனவே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் கருகிப்போன ரொட்டி.

"அண்ணி, ஒங்க பாஸ்டர் ஐயாவுக்கு அண்ணன் போன் பண்ணிட்டாரு. ஆத்தடிக்கு வந்துருவாராம். நீங்க வெளிக்கிடுங்க."

"இன்னைக்கா? மாமிய யாரு..."

"ஏன், பெத்த மக செத்தா போயிட்டேன்? ஒரு கெழமைக்கு லீவு சொல்லியிருக்கேன். திரும்ப 'நான் பாத்துக்கிறேன்'னு ஆரம்பிக்காதீங்க!" என்று அதட்டிவிட்டு, தன் பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுத்து நீட்டினாள். சந்தன நிறம். மடிப்புக் கலையாத புதுச் சேலை. "வெள்ளச் சேல எங்கிட்ட இல்ல. தேருக்குக் கட்டலாம்னு வாங்குனது இது. ஒங்க சாமி கோவிச்சுக்குவாரா?"

"எந்தச் சேலையா இருந்தாலும் நனையத்தான போகுது லெச்சுமி" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

காம்பராவுக்குள் போய் மாமியாரின் காலைத் தொட்டாள். அழகம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மாமி... ஒங்களுக்கு வருத்தமில்லையே? மனசாரச் சொல்லுங்க. வேணாம்னா நான் இருக்கேன்."

அழகம்மாவின் ஒரு பக்கமாகக் கோணிய வாய் மெல்லச் சிரித்தது.

"நீ... பேசுறது... கேட்டிருக்கேன். என்னயத் தொடைக்கும்போது... மெதுவா... அவருகிட்ட. என் பேரும்... சொல்லுவ." மூச்சு வாங்கினாள். "என் வெளக்க... நான் ஏத்திட்டேன். நீ... ஒன்னோடத... போயிட்டு வா."

ஜீவராணி அவள் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். அவள் தலைமேல் ஒரு கை வந்து படிந்தது. கனமாக, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு. வலது கை.

ஆட்டோ கிளம்பியபோது மழை விட்டிருந்தது. தேயிலைச் செடிகளின் மேல் வெயில் லேசாக விழுந்தது. பீலியடியில் நின்ற பெண்கள் இந்த முறை குடத்தைக் கீழே வைத்துவிட்டு வழி விட்டார்கள். ஒருத்தி, "பாத்து எறங்கு ராணி, ஆத்துல பாசி வழுக்கும்" என்று சொன்னாள். அதுவே அந்த லயத்தின் ஆசீர்வாதம்.

வளைவு திரும்பும் முன் ஜீவராணி எட்டிப் பார்த்தாள். நாகலெட்சுமி நாற்காலியை இஸ்தோப்புக்கு இழுத்துப்போட்டு அம்மாவை உட்காரவைத்திருந்தாள். அழகம்மா மருமகளுக்குக் கையசைக்க முயன்றாள். கை மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, அங்கே கொஞ்சம் நின்று யோசித்தது. பிறகு தலைக்கு மேலே உயர்ந்து அசைந்தது.

"பாத்தீங்களாப்பா?" என்றாள் ஜீவராணி, கண்ணீர் வழிய.

யாரிடம் பேசுகிறாய் என்று யோகேஸ்வரன் எப்போதும் கேட்பான். அன்று கேட்கவில்லை. இன்ஜின் சத்தத்தில் அவள் பேச்சு தடைபட்டுவிடக் கூடாதே என்று, இறக்கத்தில் ஆட்டோவை மெதுவாக விட்டான்.